மெஷின் கன்னும் மோர்ஸ் தந்தியும் – பேச்சின் தாளத்தைத் தேடிய கதை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "நீ எஞ்சினியர். ஏதாவது விஷயமா எழுதிக் கொடுப்பா. ஆனா பம்ப், வால்வுன்னு ஆரம்பிச்சுடாதே, ஒருத்தரும் படிக்க மாட்டாங்க" என்றார்கள். நியாயமான பேச்சு. ஆகவே என் தொழிலை ஓரமாக வைத்துவிட்டு, பத்து வருஷத்துக்கு மேலாக என்னை விடாமல் துரத்தும் ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். மனிதர்கள் பேசும் பேச்சில் தாளம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அதை அளக்க முடியுமா?

இந்தக் கேள்வி எனக்கு வந்த இடம் நம் கல்லூரிதான். இறுதியாண்டு கேம்பஸ் இன்டர்வியூ. நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். எழுத்துத் தேர்வு பாஸ், டெக்னிக்கல் ரவுண்டும் பாஸ். கடைசி ரவுண்டில் எதிரே உட்கார்ந்திருந்தவர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஏன் மெஷின் கன் மாதிரி பேசறீங்க? இங்கிலீஷுக்கு ஒரு ரிதம் இருக்கு. அது உங்களுக்கு வரலை." அவ்வளவுதான், வேலை போயிற்று. அன்று இரவு ஹாஸ்டலில் அறைத்தோழனிடம் சொல்லி அழுதேன். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். மறுநாள் காலை மெஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லியும் விட்டான். கல்லூரியை விட்டு வெளியே வரும் வரை என் பெயர் "கன்". இந்த மலரைப் படிக்கும் சிலருக்கு என் உண்மைப் பெயரே தெரியாமல் இருக்கலாம்.

அந்த மனிதர் என்னை வர்ணித்த வார்த்தை அவருடைய சொந்தச் சரக்கு அல்ல என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு ஒரு பிறப்பு இருக்கிறது, வருடம் இருக்கிறது. அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது. நான் மொழியியல் படித்தவன் அல்ல. தப்பு இருந்தால் நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்களும் ஆங்கிலத்துறைப் பேராசிரியர்களும் மன்னிக்க வேண்டும்.

ஒரு சிறு விளக்கம் மட்டும் முதலில். சிலபிள் என்பதை மொழியியலார் தமிழில் அசை என்பார்கள். யாப்பிலே வரும் நேரசை, நிரையசையோடு குழம்பக்கூடாது என்பதால் இங்கே சிலபிள் என்றே எழுதுகிறேன்.

பிடில் கட்டையில் ஒட்டிய காகிதம்

ஆண்டு 1775. லண்டனில் ஜோஷுவா ஸ்டீல் என்பவர் பேச்சின் இசையையும் அளவையும் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மான்போடோ பிரபு என்ற ஸ்காட்லாந்து அறிஞர், ஆங்கிலப் பேச்சில் இசை போன்ற ஏற்ற இறக்கம் கிடையாது, முரசு போல அடி மட்டுமே உண்டு என்ற கருத்தை எழுதியிருந்தார். ஸ்டீல் அதை ஒப்பவில்லை. பெரிய வயலின் போன்ற ஒரு வாத்தியத்தின் கட்டையில் அளவு குறித்த காகிதத்தை ஒட்டினார். விரலைத் தந்தியில் வழுக்கிக்கொண்டே தன் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொண்டார். டேப் ரிக்கார்டர் இல்லாத காலத்தில் எப்பேர்ப்பட்ட கருவி பாருங்கள்!

ஸ்டீல் பேச்சை இசைக் குறிப்பு போலவே கட்டம் கட்டமாக எழுதினார். ஒவ்வொரு கட்டமும் சம நேரம். கட்டத்தின் தொடக்கத்தில் கனமான சிலபிள். பேசுகிறவர் நிறுத்தினால் அந்த மௌனத்துக்கும் கணக்கு. புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக் ஹாம்லெட்டின் தனிமொழியைப் பேசிய விதத்தையும் இப்படியே எழுதி வைத்தார். ஆங்கிலத்தில் அழுத்தங்கள் சம இடைவெளியில் விழுகின்றன என்ற எண்ணத்துக்கு நல்ல விதை அங்கேதான் விழுந்தது.

டெலிபோன்காரர்களுக்கு ஒரு உவமை

அடுத்து 1940-க்குத் தாவுவோம். ஆர்தர் லாயிட் ஜேம்ஸ் லண்டன் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் பேராசிரியர். பி.பி.சி. 1926-ல் அமைத்த பேச்சு ஆங்கில ஆலோசனைக் குழுவின் செயலாளரும் அவரே. ரேடியோ அறிவிப்பாளர் எந்த வார்த்தையை எப்படி உச்சரிப்பது என்று முடிவு செய்த குழு அது. அவர் 1940-ல் டெலிபோனில் செல்லும் பேச்சைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். உலக மொழிகளின் தாளத்துக்கு அதில் இரண்டு உவமை கொடுத்தார். ஒன்று, நீண்டும் குறுகியும் வரும் மோர்ஸ் தந்தி. இன்னொன்று, ஒரே சீராகச் சுடும் மெஷின் கன். ஆங்கிலம் மோர்ஸ் வகை.

ஆக, எனக்குக் கிடைத்த பட்டம் போர்க்காலத்தில் டெலிபோன் புத்தகத்தில் எழுதிய ஒரு உவமை! அது ஆராய்ச்சி முடிவு கூட அல்ல, காதால் கேட்டுச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே, அதாவது 1939-ல், ஆந்த்ரே கிளாஸ் என்பவர் கருவி வைத்து ஆங்கிலப் பேச்சை அளந்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. அழுத்தங்களுக்கு இடையே உள்ள நேரம் சமமாக இருப்பது சில சாதகமான சந்தர்ப்பங்களில் மட்டுமே என்று அவர் கண்டார். இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே சிலபிள் எண்ணிக்கையும் அமைப்பும் ஒத்திருந்தால் சமம், இல்லாவிட்டால் இல்லை. அளவு முதலில் வந்தது, உவமை பின்னால் வந்தது. ஆனால் ஜெயித்தது உவமை. எந்த ஆபீஸில் வேலை பார்த்தவருக்கும் இது புதிதல்ல.

பெயர் வைத்தார்கள்

1945-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்னத் பைக் அமெரிக்க ஆங்கிலத்தின் ஏற்ற இறக்கம் பற்றிய நூலில் இவற்றுக்கு முறையான பெயர் வைத்தார். அழுத்தத்தை அளவாகக் கொண்ட தாளம், சிலபிளை அளவாகக் கொண்ட தாளம் என்று இரண்டு. அங்கே லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர் ஏன் ஆங்கிலத்தை அப்படிப் பேசுகிறார் என்பதை விளக்க இந்தப் பாகுபாடு வசதியாக இருந்தது.

விஷயம் என்ன என்று ஒரு உதாரணத்தில் பார்த்துவிடலாம். "மென் மேக் பம்ப்ஸ்" – மூன்று சிலபிள், மூன்றிலும் அழுத்தம். "த மென் ஆர் மேக்கிங் த பம்ப்ஸ்" – ஏழு சிலபிள், அழுத்தம் அதே மூன்று. "த மென் வில் ஹேவ் பீன் மேக்கிங் த பம்ப்ஸ்" – ஒன்பது சிலபிள், அப்போதும் அழுத்தம் மூன்றே. ஆங்கிலேயர் இந்த மூன்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொல்லி முடிப்பார், நடுவில் வரும் சில்லறை வார்த்தைகளையெல்லாம் நசுக்கிவிடுவார் என்பது கொள்கை. சிலபிள் தாளக்காரர் ஒவ்வொரு சிலபிளுக்கும் சம நேரம் கொடுப்பார். வாக்கியம் நீண்டால் நேரமும் நீளும்.

1967-ல் எடின்பரோவின் டேவிட் அபர்குரோம்பி இதை உலகப் பொதுவிதி ஆக்கினார். தெரிந்தவரை எல்லா மொழியும் இந்த இரண்டில் ஒன்று என்றார். ஆங்கிலம், ரஷ்யன், அரபி ஒரு பக்கம். பிரெஞ்சு, யொரூபா, நம் பக்கத்து வீட்டுத் தெலுங்கு மறுபக்கம். ஒவ்வொரு சிலபிளுக்கும் மார்புத் தசை ஒரு உந்து கொடுக்கிறது, அந்த உந்துகளின் ஒழுங்கே தாளம் என்பது அவர் கொடுத்த காரணம். ஆனால் அதே எடின்பரோவில் லேடிஃபோகெட், டிரேப்பர், விட்டரிஜ் என்ற மூவர் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளின் மின் அசைவைப் பதிவு செய்து, சிலபிளுக்கு ஒரு உந்து என்ற கணக்கு நிற்கவில்லை என்று 1958-லேயே காட்டியிருந்தார்கள். மறுபடியும் அளவு முன்னால், கொள்கை பின்னால்.

அழுத்தம் என்றால் சத்தமா?

இங்கே ஒரு கேள்வி. அழுத்தம், அழுத்தம் என்கிறோமே, அது என்ன? கத்திச் சொல்வதா? நானும் அப்படித்தான் நினைத்து, இன்டர்வியூவுக்குப் பிறகு கொஞ்ச நாள் கத்திப் பார்த்தேன். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான்.

லண்டனின் டென்னிஸ் ஃப்ரை 1955-லும் 1958-லும் இதை அழகாகச் சோதித்தார். ஆங்கிலத்தில் "பெர்மிட்" போன்ற சில வார்த்தைகளில் முதல் சிலபிளில் அழுத்தம் விழுந்தால் பெயர்ச்சொல், இரண்டாவதில் விழுந்தால் வினைச்சொல். அவற்றைச் செயற்கைக் குரலில் உண்டாக்கி, சத்தத்தை மட்டும் மாற்றினார். நீளத்தை மட்டும் மாற்றினார். சுருதியை மட்டும் மாற்றினார். எதை மாற்றினால் கேட்பவரின் தீர்ப்பு மாறுகிறது? சத்தத்தைவிட நீளத்துக்கு வலு அதிகம், சுருதி மாற்றத்துக்கு அதைவிட வலு அதிகம் என்று தெரிந்தது. ஆக, அழுத்தத்துக்கு முக்கியம் உரத்த குரல் அல்ல. சுருதி நகர்வதும் உயிரெழுத்து நீள்வதும்தான்.

கடிகாரம் வந்தது, கொள்கை தடுமாறியது

1977-ல் இல்சே லெஹிஸ்டே என்ற அம்மையார் ஒரு முக்கியமான விஷயம் சொன்னார். அழுத்தங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் உண்மையில் சமமில்லாவிட்டாலும், பல வித்தியாசங்கள் நம் காது கண்டுபிடிக்க முடியாத அளவு சிறியவை. அதனால் காது அவற்றைச் சமம் என்றே எடுத்துக்கொள்கிறது. பழைய ஆட்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காது ஒழுங்குபடுத்திக் கேட்டது.

1982-ல் பீட்டர் ரோச், அபர்குரோம்பி சொன்ன அதே ஆறு மொழிகளையும், தெலுங்கு உட்பட, பதிவு செய்து அளந்தார். அழுத்தத் தாளமுள்ள மொழிகளில் அழுத்த இடைவெளி அதிகச் சமமாக இருக்கவேண்டுமே? இல்லை. 1983-ல் ரெபெக்கா டவர் ஆங்கிலம், தாய், ஸ்பானிஷ், கிரேக்கம், இத்தாலியன் என ஐந்தை எடுத்துப் பார்த்தார். அழுத்த இடைவெளியின் ஒழுங்கில் ஆங்கிலத்துக்கும் ஸ்பானிஷுக்கும் வேறுபாடு இல்லை. நம் காதில் விழும் வித்தியாசம் கடிகாரத்தால் வருவதல்ல, மொழியின் கட்டுமானத்தால் வருவது என்றார். ஒரு மொழியில் மெய்யெழுத்துகள் எத்தனை கொத்தாக வரலாம், அழுத்தமில்லாத உயிர் எவ்வளவு நசுங்குகிறது, அழுத்தம் எந்த வேலை செய்கிறது – இவை சேர்ந்துதான் தாளமாகக் கேட்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் இலவசமாகக் கொடுக்கும் பிராட் என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த மூன்று பம்ப் வாக்கியங்களையும் என் குரலில் பதிவு செய்தேன். மூன்றாவது வாக்கியம் முதலாவதைவிட வெகு நீளம். சரி, நம்ம குறைதானே என்று, எங்கள் ப்ராஜெக்டில் இருந்த ஆங்கிலேயர் ஒருவரைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். அவருக்கும் மூன்றாவது நீளம்தான்! என் அளவுக்கு இல்லை, அவ்வளவே. அவரிடம் காட்டியபோது, "பள்ளியில் சமம் என்று சொல்லிக்கொடுத்தார்களே" என்று அவரே திகைத்தார்.

பிறந்த குழந்தைக்குத் தெரிந்தது

அப்படியானால் தாளம் வெறும் பிரமையா? அவசரப்படாதீர்கள். 1998-ல் நாஸி, பெர்டான்சினி, மெலெர் என்ற ஆய்வாளர்கள் பிரான்சில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். பேச்சை 400 ஹெர்ட்சுக்கு மேல் வெட்டிவிடும் ஃபில்டர் வழியாக அனுப்பினார்கள். வார்த்தை ஒன்றும் புரியாது, பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் வழியே கேட்பது போல மேலோட்டமான ஓட்டம் மட்டும் கேட்கும். குழந்தை ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தை வைத்து அதன் கவனத்தை அளந்தார்கள். ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு மாற்றியதும் குழந்தை கண்டுபிடித்துவிட்டது. ஆங்கிலத்திலிருந்து டச்சுக்கு மாற்றியபோது கண்டுபிடிக்கவில்லை. ஏதோ ஒன்று இருக்கத்தான் இருக்கிறது.

1999-ல் ராமு, நெஸ்போர், மெலெர் மூவரும் அந்த ஏதோ ஒன்றுக்கு எண் கொடுத்தார்கள். பேச்சு நேரத்தில் உயிரெழுத்துகளின் பங்கு எவ்வளவு? ஆங்கிலத்தில் சுமார் 40 சதவீதம், ஜப்பானியத்தில் சுமார் 53. பிரெஞ்சும் இத்தாலியனும் நடுவில். மோர்ஸ், மெஷின் கன் என்று இரண்டே பெட்டி போட்ட இடத்தில் இப்போது ஒரு ஸ்கேல் வந்தது.

நம் மொழி செய்த குறும்பு

2002-ல் எஸ்தர் கிரேப், ஈ லிங் லோ என்ற இருவர் 18 மொழிகளை, மொழிக்கு ஒரு பேச்சாளர் வீதம், அளந்தார்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு உயிர்களின் நீளம் எவ்வளவு மாறுகிறது என்பதே அளவுகோல். மெஷின் கன் என்றால் எண் குறையும், மோர்ஸ் என்றால் ஏறும். ஸ்பானிஷ் சுமார் 30, பிரெஞ்சு சுமார் 44, பிரிட்டிஷ் ஆங்கிலம் சுமார் 57. அந்தப் பதினெட்டில் தமிழும் ஒன்று. எவ்வளவு தெரியுமா? சுமார் 56!

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னை மெஷின் கன் என்றாரே, அந்த மனிதரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. என் தாய்மொழி அந்த அளவுகோலில் ஆங்கிலத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தால் பள்ளிக்கூடத்துத் தமிழய்யாதான் ஞாபகத்துக்கு வருகிறார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமுமே மாத்திரை என்று தொல்காப்பியம் காலத்தையே அலகாக வைக்கிறது. கல் – கால், பல் – பால், வடை – வாடை என்று நீளம் மாறினால் பொருளே மாறிவிடும். குறிலும் நெடிலும் மாறி மாறி வரும் பேச்சில் அடுத்தடுத்த உயிர்கள் ஏறி இறங்காமல் எப்படி இருக்கும்? உயிர் நசுங்குவதும் நமக்குப் புதிதல்ல. குற்றியலுகரம், ஐகாரக்குறுக்கம் என்று இலக்கணமே அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. "இருக்கிறது" என்பதை "இருக்கு" என்று நசுக்கத் தெரிந்த நமக்கு நசுக்கத் தெரியாதா என்ன!

இங்கே எஞ்சினியர் புத்தியும் கொஞ்சம் வேலை செய்கிறது. நீளம் என்ற ஒரே வயரில் தமிழ் பொருளை அனுப்புகிறது. ஆங்கிலம் பெருமளவு அழுத்தத்தை அனுப்புகிறது. நாம் ஆங்கிலம் பேசும்போது சிக்னல் கலந்துவிடுகிறது என்பது என் ஊகம். நாக்கில் கோளாறு எதுவும் இல்லை, வயரிங் வேறு.

அதற்காக, "தமிழும் இங்கிலீஷும் ஒரே தாளம்" என்று மேடையில் முழங்கிவிடாதீர்கள். ஒரு பேச்சாளரை வைத்து ஒரு மொழிக்குத் தீர்ப்பு எழுத முடியாது. இந்த எண்கள் பேசுகிற ஆளைப் பொறுத்தும் வாசிக்கக் கொடுத்த வாக்கியத்தைப் பொறுத்தும் ரொம்பவே ஆடுகின்றன என்று 2012-ல் அமாலியா அர்வானிட்டி காட்டினார். மெஷின் கன் என்று சொன்னது எப்படி அவசரமோ, மோர்ஸ் என்று மார் தட்டுவதும் அப்படியே.

பதின்மூன்றும் முப்பதும்

சரி, இதனால் மாணவத் தம்பி தங்கைகளுக்கு என்ன பிரயோஜனம்? என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனில் வெளிநாட்டு சப்ளையரிடம் ஒரு கேஸ்கெட் ஆர்டர் சொன்னேன். எனக்குத் தேவை "தர்ட்டீன்". நான் அழுத்தத்தை முதல் பாதியில் போட்டு, பின்பாதியைக் குறுக்கிவிட்டேன். அவர் காதில் "தர்ட்டி" என்று விழுந்தது. பதின்மூன்று கேட்ட இடத்தில் முப்பது வந்து இறங்கியது. மானேஜர் என்னை எப்படிப் பார்த்தார் என்பதை இந்த மலரில் அச்சிட முடியாது.

இங்கே என்னைக் கவிழ்த்தது சம இடைவெளித் தாளம் இல்லை. ஒரே ஒரு வார்த்தையில் அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்ததும் நீளம் குறைந்ததும்தான். ஹைதராபாத்தில் 1958-ல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனத்தில், ஆர்.கே. பன்சால் இந்தியர் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969-ல் வெளியிட்டார். புரியாமல் போவதற்கு அவர் கண்ட பெரிய காரணங்களில் வார்த்தை அழுத்தம் தவறுவதும் ஒன்று. 2000-ல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் வேறு கோணத்தில் பார்த்தார். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத இருவர் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எது அத்தியாவசியம்? வாக்கியத்தில் முக்கியமான வார்த்தையின் மேல் அழுத்தம் விழுவது அவசியம். ஆங்கிலேயர் போன்ற தாளம் தேவையில்லை என்றார்.

ஆக, நான் கற்றது மூன்றே. புது வார்த்தை பார்த்தால் அகராதியில் அர்த்தத்தோடு அழுத்தக் குறியையும் பாருங்கள். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் சிலபிளில் இருக்கும் அழுத்தம் ஃபோட்டோகிராஃபி என்னும்போது இரண்டாவதுக்கு நகர்ந்துவிடும். அடுத்து, அழுத்த வேண்டிய இடத்தில் கத்தாதீர்கள். நீட்டுங்கள், சுருதியை நகர்த்துங்கள். கடைசியாக, சொல்ல வந்த விஷயம் எந்த வார்த்தையில் இருக்கிறதோ அதன் மேல் வெளிச்சம் போடுங்கள். மற்றபடி உங்கள் ஊர் வாசனை பேச்சில் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கம் இப்போது சில சமயம் நானும் உட்காருகிறேன். தமிழ் மீடியத்திலிருந்து வரும் பையன் ஒருவன் மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் கொட்டுவான், நெற்றியில் வியர்வை. "தண்ணி குடிச்சுட்டு மெதுவா சொல்லுங்க தம்பி, அவசரம் ஒண்ணும் இல்லை" என்பேன். பெரும்பாலும் அடுத்த நிமிடமே பேச்சு தெளிந்துவிடும். அன்றைக்கு அவனிடம் குறையாக இருந்தது தைரியம் மட்டுமே. அதை ஒரு உவமையால் உடைத்துவிடலாம், ஒரு டம்ளர் தண்ணீரால் திருப்பியும் கொடுக்கலாம்.

அந்த இன்டர்வியூக்காரர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவரும் யாரோ சொல்லிக் கேட்டதைத்தான் சொன்னார். 1940-ல் கிளம்பிய குண்டு, அத்தனை வருடம் கடந்து நம் கல்லூரி செமினார் ஹாலில் என் மேல் விழுந்தது. அவ்வளவுதான்.

ரீயூனியன் அன்று மெஸ் வாசலில் யாராவது "டேய் கன்னு!" என்று கூப்பிட்டால் கட்டாயம் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் கூப்பிடும்போது அழுத்தத்தைச் சரியான சிலபிளில் போடுங்கள் அப்பா!